டிவிடி டையோடில் செய்த லேசர் மங்கிவிட்டது. திரும்பச் செய்யவா, வாங்கிவிடவா?

மலை வாத்தியார், ஏற்காடு:
வணக்கம். மார்கழி, தை மாத இரவுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டுவது என் வழக்கம். போன வருடம் வாங்கிய பச்சை லேசர் பாயிண்டர் இந்தக் குளிரில் சரியாக எரியவில்லை. உள்ளங்கையில் பொத்தி வைத்தால் கொஞ்ச நேரம் கோடு தெரியும், அப்புறம் மங்கிவிடும். நாமே செய்துவிடுவோம் என்று பழைய டிவிடி ரைட்டரைப் பிரித்துச் சிவப்பு டையோடை எடுத்தேன். கரண்ட்டை ஒரே அளவில் வைக்க எல்எம்317 என்ற ஐசி, 5.1 ஓம் ரெசிஸ்டர், 3.7 வோல்ட் செல் இரண்டு, அவுட்புட்டில் ஒரு கெப்பாசிட்டர். சுவிட்சைப் போட்டு, மீட்டரில் வோல்டேஜ் வருவதைப் பார்த்த பிறகு டையோடின் கால்களை வைத்தேன். பளிச்சென்று ஒரு வெட்டு. அதற்குப் பின் சாதாரண எல்இடி மாதிரிதான் எரிகிறது. லென்ஸைத் திருகினாலும் புள்ளி குவியவில்லை. தப்பு எங்கே? இன்னொரு டையோடு வாங்கிப் பார்க்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை ரிப்பேர்:
சார், டையோடு போய்விட்டது. உங்கள் கணக்கு சரிதான்: எல்எம்317 ரெசிஸ்டரில் நிறுத்தும் 1.25 வோல்ட்டை 5.1 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 245 மில்லி ஆம்பியர். ஆனால் லோடு இல்லாமல் சுவிட்சைப் போட்டபோது கெப்பாசிட்டர் கிட்டத்தட்ட பேட்டரி அளவுக்கே ஏறி நின்றிருக்கும். கால் பட்ட நொடியில் அது மொத்தமும் டையோடுக்குள் இறங்கியிருக்கிறது. எல்இடி தாங்கும், லேசர் டையோடு தாங்காது. அதன் முனை கருகிவிட்டால் வெளிச்சம் வரும், லேசர் வராது.

அடுத்த தடவை முதலில் 1N4007 என்ற சாதாரண டையோடு நான்கு, ஒரு 1 ஓம் ரெசிஸ்டர், எல்லாவற்றையும் தொடராகக் கோத்து, லேசர் டையோடுக்குப் பதிலாகப் பொய் லோடு வையுங்கள். ரெசிஸ்டரில் எத்தனை மில்லி வோல்ட் வருகிறதோ அத்தனை மில்லி ஆம்பியர். சரியாக இருந்தால் சுவிட்சை அணைத்து, கெப்பாசிட்டரின் இரண்டு காலையும் ஒரு ரெசிஸ்டரால் இணைத்துக் காலி செய்து, டையோடைச் சால்டர் செய்த பிறகுதான் மறுபடி போட வேண்டும். கையில் இருக்கும் நிலைமின்சாரமே போதும் அதைக் கொல்ல. அதுவரை லேசர் டையோடின் மூன்று காலையும் மெல்லிய கம்பியால் சுற்றி வையுங்கள்.

ஒளியியல் மாணவி, அஸ்தம்பட்டி:
அண்ணன் சொன்ன பழுது சரி. ஆனால் சார், அந்த டையோடு பிழைத்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன். டிவிடி எழுதும் டையோடு 100 மில்லி வாட்டைத் தாண்டும். கையில் பிடிக்கும் பாயிண்டருக்கு அமெரிக்காவில் 5 மில்லி வாட்டே மேல் வரம்பு. கால் நொடியில் கண் தானாக மூடிக்கொள்வது 1 மில்லி வாட்டுக்குக் காப்பு, 100க்கு அல்ல. இருட்டில் கண்பாவை விரிந்து நிற்கும் பிள்ளைகளுக்கு நடுவே அது வேண்டவே வேண்டாம்.

வானத்துக்குச் சிவப்பு எடுபடவும் செய்யாது. ஒரே சக்தியில் 532 நானோமீட்டர் அலைநீளப் பச்சை, 650 சிவப்பை விட நம் கண்ணுக்குச் சுமார் 8 மடங்கு பிரகாசம்.

உங்கள் பழைய பச்சைக்கு வருகிறேன். அதில் 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டையோடின் ஒளியை ஒரு படிகம் வாங்கி 1064 ஆக்குகிறது. இன்னொரு படிகம் அந்த அலைநீளத்தைப் பாதியாக்கி 532 தருகிறது. இந்தச் சங்கிலிக்கு வெப்பநிலை மாறினால் ஆகாது, அதனால்தான் கையில் பொத்தினால் உயிர் வருகிறது. மலிவானவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இல்லாமலும் போகும். 2010இல் அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகம் சோதித்த ஒன்று, 10 மில்லி வாட் என்று விற்கப்பட்டது; ஆனால் மங்கலான பச்சையோடு கிட்டத்தட்ட 20 மில்லி வாட் அகச்சிவப்பைக் கக்கியது. அது கண்ணுக்குத் தெரியாது, எனவே கண் மூடவும் மூடாது.

வாங்குங்கள் சார். 520 நானோமீட்டர் நேரடிப் பச்சை டையோடு, 5 மில்லி வாட்டுக்குள் என்று கேட்டு வாங்குங்கள். படிகம் கிடையாது, அகச்சிவப்புத் தொல்லையும் இல்லை. குளிரும் இந்த அளவுக்குப் படுத்தாது.

செவ்வாய்ப்பேட்டை ரிப்பேர்:
தங்கச்சி சொல்வதுதான் சரி, 100 மில்லி வாட் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. செய்து பார்க்கும் ஆசை இருந்தால் டையோடும் லென்ஸும் சேர்ந்தே வரும் 5 மில்லி வாட் சிவப்பு மாட்யூல் வாங்கி வகுப்பில் பிள்ளைகளோடு செய்யுங்கள், நான் வந்து உதவுகிறேன். இன்னொன்று: மினுக்கிக்கொண்டு நகரும் விளக்கு பக்கம் மட்டும் திருப்பாதீர்கள். காமலாபுரத்தில் விமானம் இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவில் வரும் பஸ் பக்கமும் கூடாது.

மலை வாத்தியார், ஏற்காடு:
இரண்டு பேருக்கும் நன்றி. 100 மில்லி வாட் என்று படித்ததும் கை நடுங்கிவிட்டது. சோதனை செய்யும்போது என் மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். செத்த டையோடைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு வகுப்பு அலமாரியில் வைத்துவிட்டேன். 520 ஒன்று வாங்கி வந்தேன். நேற்று இரவு ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தும் குளிர், கோடு ஒரு முறைகூட மங்கவில்லை. கார்த்திகையில் தொடங்கி ரோகிணி, திருவாதிரை வரை காட்டினேன். அண்ணா, மாட்யூல் ஆறு வாங்கியிருக்கிறேன். சனிக்கிழமை காலை வர முடியுமா?