தனிமைப்படுத்தலின்போது அரசு உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

கேள்வி:
பெருந்தொற்றின்போது 14 நாள் வீட்டுத் தனிமையில் இருந்தேன். அதுவரை வரி, தேர்தல், சான்றிதழ் என்று வரும்போது மட்டும் நினைவுக்கு வந்த அரசு, கதவில் அறிவிப்புத்தாளை ஒட்டிய நாளிலிருந்து வாசலிலேயே வந்து நின்றுவிட்டது. தாள் வெளிப்பக்கம் ஒட்டப்பட்டிருந்ததால், அதில் என்ன எழுதியிருந்தது என்பது எதிர்வீட்டாருக்குத்தான் முதலில் தெரிந்தது. அது என்னைக் காப்பதற்கா, காட்டிக்கொடுப்பதற்கா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. உங்கள் அனுபவம் என்ன?

பதில் 1:
எனக்கு அரசு என்பது தினமும் காலையில் வந்த ஒரு தொலைபேசி அழைப்புதான். முதல் நான்கு நாள்கள் "வீட்டில்தானே இருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டு, "ஆம்" என்றதும் வைத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் பேசிய பெண்மணி, காய்ச்சல் விட்டதா, மாத்திரை கைவசம் இருக்கிறதா, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். விதி எதுவும் தளரவில்லை. ஆனாலும் மறுநாள் அந்த அழைப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

பதில் 2:
அந்தப் பெண்மணியின் பரிவை மதிக்கிறேன். ஆனால், யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்து அரசின் முகம் மாறுமானால், குடிமக்கள் எதை நம்புவது? 2020 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் அரசுக்குச் சொந்தமான 9 அடுக்குமாடிக் குடியிருப்புகளை முன்னறிவிப்பின்றி மூடியபோது, அங்கிருந்த ஏறத்தாழ 3,000 பேர் முதலில் பார்த்தது மருத்துவர்களை அல்ல, காவலர்களை. நோயைத் தடுக்க நடவடிக்கை தேவைப்பட்டது என்பதை ஏற்றுக்கொண்ட அந்நகரம் அமைந்துள்ள விக்டோரியா மாநிலத்தின் குறைதீர்ப்பாளரே, அவகாசம் தராமல் உடனடியாக அடைத்தது மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று அவ்வாண்டு டிசம்பரில் அறிக்கை அளித்தார். தொற்றுக்கு அஞ்சி மனிதர்களை ஒதுக்கிவைப்பது புதிதன்று. 1377-லேயே ரகூசா நகரம் (இன்றைய குரோவேஷியாவின் துப்ரோவ்னிக்), கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வந்தவர்களை 30 நாள் வெளியே நிறுத்தியது. காரணத்தைச் சொல்லி, முடிவை மறுத்து முறையிட வழியும் தரவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதுதான் இன்றைய வேறுபாடு.

பதில் 3:
இதனுடன் வருமானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றாடக் கூலியில் வாழ்பவரிடம் 14 நாள் வெளியே வராதே என்று சொல்லிவிட்டு அடுப்பெரிய வழி செய்யாத அரசை, அவர் தண்டிக்கும் அரசாகத்தான் பார்ப்பார். போலந்தில் தனிமையில் இருந்தவர்கள், அரசின் கைபேசிச் செயலி கேட்கும்போதெல்லாம் 20 நிமிடத்துக்குள் தற்படம் அனுப்பவேண்டியிருந்தது. அப்படிச் சேர்ந்த படங்கள் எத்தனை காலம் இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பதையும் முதல் நாளிலேயே சொல்வது அரசின் கடமை.

கேட்டவர்:
நன்றி. என் கெடு முடிந்த பிறகும் அந்தத் தாளை அகற்ற எவரும் வரவில்லை. நானே கிழித்தால் குற்றமாகுமோ என்று அஞ்சி, மேலும் மூன்று நாள் அதைத் தொடாமல் விட்டிருந்தேன்.