விளையாட்டு நிறுவனம் வளர்வதை அருகிலிருந்து பார்த்தவர்கள் உண்டா? பெங்களூர்த் தமிழர் அனுபவங்கள்

ஜெயநகர் வாசி:

என் அக்கா மகனுக்கு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஓர் இணைய விளையாட்டு வெளியீட்டு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. கும்பகோணத்திலிருந்து அத்திம்பேர் இரண்டு நாளாக என்னைத் தொலைபேசியில் விடவில்லை. "வெளியீடு என்றால் அச்சாபீஸா? விளையாட்டை எதில் அச்சடிப்பார்கள்?" என்கிறார். முப்பது வருடம் வங்கியில் குப்பை கொட்டிய எனக்கும் பதில் தெரியவில்லை. "போன வருடம் இருபது பேராம், இந்த வருடம் நூறு பேருக்கு மேலாம். அத்தனை வேகமாக வளர்கிற இடம் நிலைக்குமா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. இந்தத் தொழிலோடு எந்த விதத்திலாவது பழகியவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். செய்தித்தாளில் வருகிற கோடிக் கணக்குகள் வேண்டாம், அவற்றை நானே படித்துக்கொள்வேன்.

ஸ்ரீராமபுரம் ரீசார்ஜ் கடை:

சினிமா விநியோகஸ்தர் என்று சொல்லுங்கள் சார், அத்திம்பேருக்குப் புரிந்துவிடும். படம் எடுப்பவர் ஒருவர், அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிடுபவர் இன்னொருவர். எனக்கு இந்த வித்தியாசம் புரிந்தது 2020 செப்டம்பரில்.

அதற்கு முன்பே என் கடைக்கும் விளையாட்டுகளுக்கும் உறவு உண்டு. நோக்கியா காலத்தில் பாட்டு, ஜோசியம், விளையாட்டு என்று ஏதோ ஒன்று தானாகச் சேர்ந்துகொண்டு தினமும் சில ரூபாய் இருப்பிலிருந்து கரையும். அதை யாரோ எங்கோ விற்றார்கள், திட்டு மட்டும் எனக்கு விழும். 2013இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இரண்டு முறை ஒப்புதல் கேட்காமல் எதையும் சேர்க்கக் கூடாது என்று உத்தரவு போட்ட பிறகுதான் என் காது ஓய்ந்தது.

2016இல் ஜியோ வந்தது. யூபிஐ வந்ததும் அதே ஆண்டுதான். டேட்டா மலிவானது, கிரெடிட் கார்டு இல்லாதவனும் பத்து ரூபாயைக் கைப்பேசியிலிருந்தே கொடுக்க முடிந்தது. 2018இல் பப்ஜி மொபைல் என்ற சண்டை விளையாட்டு வந்தபோது தெருவே அதற்குத் தயாராக இருந்தது. மாலையில் என் கடைப்படியில் ஏழெட்டுப் பையன்கள் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார்கள். தமிழ்ப் பையன், கன்னடப் பையன், உருது பேசும் பையன், எல்லாருக்கும் நான் "அண்ணா"தான். அந்தச் சொல் இரண்டு மொழிக்குப் பொது என்பதால் எனக்கு எப்போதும் லாபம்.

2020 செப்டம்பர் 2ஆம் தேதி 118 செயலிகளில் ஒன்றாக அதையும் மத்திய அரசு தடைசெய்தது. பையன்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே, சாவு வீடு போல இருந்தது. அந்த விளையாட்டுக்குச் சொந்தக்காரர்கள் கொரியாக்காரர்கள் என்றும், இந்தியாவில் வெளியிட்டுக்கொண்டிருந்தது சீனாவின் டென்சென்ட் என்றும் அப்போதுதான் எனக்குத் தெரியும். ஒரு வாரத்துக்குள் கொரிய நிறுவனம் டென்சென்டிடமிருந்து இந்திய வெளியீட்டு உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நவம்பரில் இந்தியாவுக்கென்று தனி நிறுவனம் அறிவித்தார்கள். அந்த கிராஃப்டன் இந்தியா இருப்பது நம் பெங்களூரில்தான். 2021 ஜூலை 2ஆம் தேதி பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் வந்தது. பழைய கணக்கில் சேர்த்து வைத்திருந்த சட்டை, துப்பாக்கி எல்லாவற்றையும் பையன்கள் புதியதற்கு மாற்றிக்கொண்டார்கள். படம் பழைய படம்தான் சார், விநியோகஸ்தர் மாறினார், ரத்தத்தின் நிறம் பச்சையானது.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் எண் கொடுக்கவேண்டும், ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் என்று அதில் விதி இருந்தது. "அண்ணா, உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளட்டுமா?" என்று ஒரே வாரத்தில் ஆறு பேர் வந்தார்கள். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. முடியாது என்று விரட்டிவிட்டேன். பிறகு 2022 ஜூலை இறுதியில் அதுவும் கூகுள், ஆப்பிள் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது, 2023 மே மாதம் மீண்டது. வேகமாக வளர்கிற இடம் நிலைக்குமா என்று கேட்டார் அல்லவா? நிலைப்பது அவர்கள் கையில் மட்டும் இல்லை, டெல்லியில் ஒரு கையெழுத்திலும் இருக்கிறது.

காக்ஸ் டவுன் மல்லிகா:

கடைக்காரர் சொன்ன காலத்துக்கும் முன்னால் ஒரு கதை. மன்னார்குடிப் பக்கம் இருந்த நிலத்தை விற்றுவிட்டு அம்மா எங்களோடு காக்ஸ் டவுன் அடுக்குமாடிக்கு வந்தாள். 2009இல் வந்த பார்ம்வில் என்ற விவசாய விளையாட்டை என் பெண் அவளுக்குக் காட்டிக்கொடுத்தாள். ஸ்ட்ராபெரி விதைத்தால் நான்கு மணி நேரத்தில் அறுவடை, தாமதித்தால் வாடிவிடும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து கணினியைப் போடுவாள். "காவிரியில் தண்ணீர் விட்டார்களா என்று கேட்க வேண்டாம், மழைக்கு வானத்தைப் பார்க்க வேண்டாம், இதல்லவா விவசாயம்!" என்பாள். கேலியா வருத்தமா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

2010இல் அதை நடத்திய ஜிங்கா நம் ஊரில் அலுவலகம் திறந்தது. செய்தியைச் சொன்னதும், "அங்கே மாடு கட்டியிருக்கிறார்களா?" என்றாள். 2020 டிசம்பர் 31ஆம் தேதி, பிளாஷ் மென்பொருளோடு சேர்ந்து அந்தப் பண்ணையும் மூடப்பட்டது. அதைப் பார்க்க அவள் இல்லை.

பொங்கல் பானை:

நான் உள்ளேயே இருந்தவள். ஐந்து வருடம் ஒரு வெளியீட்டு நிறுவனத்தில் தமிழ் மொழிபெயர்ப்பும் வாடிக்கையாளர் சேவையும் பார்த்தேன். பெயர் வேண்டாம்.

நான் சேர்ந்தபோது கோரமங்களாவில் ஒரு வீட்டு மாடியில் பதினான்கு பேர். வெளிநாட்டில் யாரோ செய்த விளையாட்டை வாங்கி இங்கே தமிழ், இந்தி, தெலுங்கு என்று மாற்றி வெளியிடுவது எங்கள் வேலை. என்னிடம் ஓர் எக்செல் தாள் வரும், நான்காயிரம் வரிகள் இருக்கும். எந்த வரி எந்தத் திரையில் தெரியும் என்று ஒரு குறிப்பும் இருக்காது. ஸ்பிரிங் என்று ஒற்றைச் சொல் வந்தது, நான் சுருள்வில் என்று எழுதி அனுப்பினேன். அது வசந்த காலப் போட்டியின் பெயர். ஒரு வாரம் முழுக்கத் தமிழர்கள் சுருள்வில் கோப்பைக்காகச் சண்டை போட்டார்கள், ஒருவர்கூடப் புகார் தரவில்லை. அதுதான் எனக்கு அதிக வருத்தம்.

அடுத்தது எழுத்து. விளையாட்டைச் செய்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் போகாமல் வலப்பக்கமே நிற்கும். "வெற்றி" என்று எழுதினால் "வ" மொட்டையாக நிற்க, அதன் கொம்பு பக்கத்து "ற்" மீது போய் ஒட்டிக்கொள்ளும். வென்றவனுக்கு அந்தத் திரையைக் காட்டவே எனக்குக் கூச்சமாக இருந்தது. வேற்றுமை உருபு இன்னொரு தலைவலி. வீரர் பெயர் தானாக வந்து விழும் இடத்தில் "ஐ" சேர்த்தால் "முருகன்ஐ வீழ்த்தினீர்கள்" என்று வரும். முருகனை என்று ஆக்க அந்த மென்பொருளுக்குப் புணர்ச்சி இலக்கணம் தெரியாதே. கடைசியில் "வீழ்ந்தவர்: முருகன்" என்று மாற்றிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் தமிழம்மாவிடம் கொட்டு வாங்கிப் படித்த இலக்கணம் சம்பளம் தந்தது அன்றைக்குத்தான்.

நீயா நீங்களா என்று இரண்டு மாதம் விவாதம் நடந்தது. இந்தியில் என்ன வைத்தோமோ அதையே வை என்றார் மேலாளர். சண்டை விளையாட்டில் "சுடுங்கள்" என்றால் சிரிப்பார்கள், ஆனால் பணம் கட்டும் திரையில் "கட்டு" என்றால் கடன்காரனை மிரட்டுவது போல இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். சுடுவதற்கு ஒருமை, பணத்துக்குப் பன்மை என்று முடிவானது.

அப்போதெல்லாம் நான் என் நாற்காலியில் இருந்தபடியே ஓவியரைக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார். முதல் வருடப் பொங்கலுக்குக் கரும்பு ஒரு பக்கம்தான் இருக்கிறதே என்றேன், பத்து நிமிடத்தில் மறுபக்கமும் வந்தது. பிறகு பணம் போட்டவர்கள் வந்தார்கள். வீட்டு மாடி போய், கண்ணாடிக் கட்டடத்தில் இரண்டு தளம் ஆனது. ஓவியர்கள் வேறு நாட்டில், எழுத்தைச் சரிபார்ப்பவர்கள் வேறு ஊரில். மூன்றாம் வருடப் பொங்கலுக்குப் படம் வந்தது. அழகான பானை, மஞ்சள் கொத்து, கோலம், எல்லாம் சரி. பானைக்கு மூடி போட்டிருந்தார்கள்.

பொங்கி வழியவேண்டும், மூடி இருக்கக் கூடாது என்று எழுதினேன். கணினியில் கோரிக்கையாகப் பதியச் சொன்னார்கள், அதற்கு டிக்கெட் என்று பெயர், போட்டேன். "பாதுகாப்பு கருதி மூடி இருப்பது நல்லது" என்று ஒருவர் பதில் எழுதினார். விழா உள்ளடக்கக் குழு, பிராந்தியப் பண்பாட்டுக் குழு, வண்ணக் குழு என்று அந்தக் கோரிக்கை ஊர்வலம் போனது. தை முதல் நாள் மூடியோடு வெளியானது. அன்று மட்டும் தமிழில் எழுபத்து மூன்று கடிதங்களுக்கு நான் பதில் எழுதினேன். ஒரு பாட்டி, "உங்கள் வீட்டில் மூடிதான் பொங்குமா?" என்று கேட்டிருந்தார். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், அந்த வருடம் எங்களுக்கு வருமானம் பல மடங்கு. மூடியைப் பற்றிய கோரிக்கைக்கு "சிறு பிழை" என்று முத்திரை குத்தி வைத்திருந்தார்கள், நான் வேலையை விட்ட அன்றும் அது தீர்க்கப்படாத பட்டியலில்தான் இருந்தது.

கோவைக்காரன்:

அக்கா உள்ளே இருந்து பார்த்தார், நான் வாசலில் நின்று பார்த்தேன். நானும் என் நண்பனும் மடிவாளாவில் ஓர் அறையில் இருந்து இரண்டு வருடம் உழைத்து ஒரு புதிர் விளையாட்டைச் செய்தோம். ஒரு வெளியீட்டாளர் எடுத்துக்கொண்டார். உடனே எல்லா நாட்டிலும் விடமாட்டார்கள், முதலில் பிலிப்பைன்ஸ் போன்ற ஓரிரு நாடுகளில் சத்தமில்லாமல் விட்டுப் பார்ப்பார்கள். நிறுவியவர்களில் மறுநாள் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள், ஏழாம் நாள் எத்தனை பேர், முப்பதாம் நாள் எத்தனை பேர் என்று எண்ணுவார்கள். நாங்கள் கதையைப் பற்றிப் பேச ஆவலாகப் போனோம், கதையை யாரும் கேட்கவில்லை.

ஒரு விளையாட்டுக்காரனை விளம்பரம் கொடுத்து அழைத்துவர ஆகிற செலவு, அவன் வாழ்நாளில் தரப்போகிற பணத்தைவிடக் குறைவாக இருக்கவேண்டும். அவர்கள் தொழிலின் ரகசியம் அவ்வளவுதான். நூறு ரூபாய் வந்தால் ஆப்பிளோ கூகுளோ வழக்கமாக முப்பது எடுத்துக்கொள்ளும், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை பதினைந்து என்று 2021இல் குறைத்தார்கள். மிச்சத்தில் வெளியீட்டாளர் முதலில் விளம்பரச் செலவைக் கழித்துக்கொள்வார், அதற்குப் பிறகுதான் எங்கள் பங்கு. மாதாமாதம் கணக்கு ஒழுங்காக வந்தது. கடைசி வரியில் பூஜ்யமும் ஒழுங்காக வந்தது. ஏழாம் நாள் எண்ணிக்கை போதவில்லை என்று எட்டாவது மாதம் நிறுத்திவிட்டார்கள்.

கோபம் இருந்தது. இப்போது யோசித்தால், எங்களைப் போல இருபது பேரை எடுத்து ஒன்றில் ஜெயித்துத்தான் அவர்கள் வளர்ந்தார்கள். அந்த ஒன்று எங்களுடையது இல்லை. நண்பன் இப்போது சிங்காநல்லூரில் பம்பு உதிரி பாகம் விற்கிறான். "ஏழாம் நாளும் வாடிக்கையாளர் வருகிறார்" என்கிறான்.

அல்சூர் ஏரிக்கரை:

ஜெயநகர் சார், ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். பணம் கட்டி விளையாடும் ரம்மி, பந்தயம் வேறு. அவற்றைக் கர்நாடகம் 2021 அக்டோபரில் தடைசெய்தபோது, பெங்களூரிலேயே அலுவலகம் வைத்திருந்தவர்கள் பெங்களூர்க்காரனிடம் பணம் வாங்க முடியாமல் நின்றார்கள். 2022 பிப்ரவரி 14ஆம் தேதி உயர் நீதிமன்றம் அந்தச் சட்டப் பிரிவுகளை ரத்து செய்தது. அதே நாளில் மத்திய அரசு ஃப்ரீ ஃபயர் என்ற சண்டை விளையாட்டு உள்ளிட்ட 54 செயலிகளுக்குத் தடை அறிவித்தது, ஒரு வாசல் திறந்தது, இன்னொன்று மூடியது. 2023 அக்டோபர் முதல் தேதி கட்டிய தொகை மீது 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பண விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. மருமான் சேரப்போகும் இடத்துக்கு வருமானம் எதிலிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள்.

ஜெயநகர் வாசி:

அனைவருக்கும் நன்றி. கேட்டுவிட்டேன். பந்தயப் பணம் கிடையாது, விளம்பரமும், விளையாட்டுக்குள் போட்டுக்கொள்ளும் சட்டை, தொப்பி விற்பனையும்தானாம். விநியோகஸ்தர் உதாரணம் அத்திம்பேரிடம் நன்றாக வேலை செய்தது. ஆனால் அவருடைய சித்தப்பா ஒருவர் 1970களில் பட விநியோகத்தில் வீட்டை இழந்தாராம், அதனால் இப்போது புதிய கவலை.

பையன் திங்கட்கிழமை சேருகிறான். இந்திய மொழிகளில் எழுத்தும் படமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிற வேலையாம். தீர்க்கப்படாத பழைய கோரிக்கைகளின் பட்டியலை இப்போதே படிக்கக் கொடுத்துவிட்டார்களாம். பொங்கல் பானை அம்மா, நீங்கள் வேலை பார்த்த நிறுவனம் எது என்று சொல்லக் கூடாதா?

பொங்கல் பானை:

சொல்லமாட்டேன் சார். பட்டியலில் மூடி இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.