ஜூமில் கீர்த்தனை பாடினால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறது, பெரிய வெள்ளிக்கு என்ன செய்யலாம்?

குவயர் தம்பி (2020 ஏப்ரல் 6)
ஊரடங்கால் கோயில் பூட்டியிருக்கிறது. நேற்று குருத்தோலை ஞாயிறு ஆராதனையை ஜூமில் வைத்தோம். ஐயர் (எங்கள் போதகர்) ஜெபம் பண்ணும்வரை சரி. பாட்டு தொடங்கியதும் ஒருவர் பல்லவியில், ஒருவர் சரணத்தில். என் கீபோர்டு சத்தம் அமுங்கி அமுங்கி வருகிறதாம். நடுவில் யார் வீட்டுக் குக்கரோ விசிலடிக்கிறது. வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனை வேறு. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பேர், ஏழு வீடு. இலவசக் கணக்கோ 40 நிமிடத்தில் அறுந்துவிடும். வழி உண்டா?

சவுண்ட் அண்ணன்
சேர்ந்து பாடும் ஆசையை விட்டுவிடுங்கள் தம்பி. உங்கள் சத்தம் அங்கே போய், அதைக் கேட்டு அவர்கள் பாடி, அது திரும்பி வருவதற்குள் நீங்கள் அடுத்த அடியில் இருப்பீர்கள். எந்த செட்டிங்கும் இதைச் சரிசெய்யாது. உங்கள் வீட்டில் ஒருவர் பாட, நீங்கள் வாசியுங்கள். மற்ற எல்லாரும் மியூட். அவரவர் வீட்டில் தாராளமாகப் பாடட்டும்.

கீபோர்டை இரைச்சல் என்று நினைத்து ஜூம் வெட்டுகிறது. கம்ப்யூட்டரில் ஆடியோ செட்டிங் போய் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைத் திறங்கள். அப்புறம் மீட்டிங்குக்குள் மேலே இடப்பக்கம் வரும் பட்டனையும் அழுத்த வேண்டும். பலர் இதைத்தான் விடுகிறார்கள்.

நெல்லைக்காரி
யூடியூப் லைவ் போடலாமே, நேரக் கெடு கிடையாதே?

சவுண்ட் அண்ணன்
போனிலிருந்து போட 1000 சந்தாதாரர் வேண்டும் அக்கா. கம்ப்யூட்டரில் போடலாம், முதல் தடவை அனுமதிக்கு 24 மணி நேரம் வரை ஆகும். ஏழு வீட்டை இணைக்க ஜூம்தான் சுலபம். ஒரு வார்த்தைக்கு 20 நிமிடம் வைத்து, மௌன ஜெபம் சொல்லி நீங்களே மூடிவிடுங்கள். அதே லிங்கில் திரும்ப வரட்டும். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்னும்போது லைன் போனால் நன்றாயிருக்காது.

நெல்லைக்காரி
வெயிட்டிங் ரூமைக் கவனியுங்கள். நேற்றிலிருந்து தானாகவே ஆன் ஆகிறது. பெரியவர்கள் வெளியே நிற்பது தெரியாமல் பிரசங்கம் ஓடும். உள்ளே விடுவதற்கென்றே ஒரு ஆளைப் போடுங்கள். பட்டன் போன் பாட்டிமாரை கான்பரன்ஸ் காலில் சேர்த்து, அந்தப் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வையுங்கள்.

குவயர் தம்பி (ஏப்ரல் 10)
நடந்தது! கீபோர்டு கணீரென்று கேட்டதாம். ஆறாம் வார்த்தையில் மட்டும் ஒரு தாத்தா மியூட்டை எடுத்துவிட்டுக் காபி கேட்டார். ஞாயிறு விடியற்காலை 4 மணி ஈஸ்டர் ஆராதனை. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பாமல் கீபோர்டை நேராக லேப்டாப்பில் சொருக என்ன கேபிள் வேண்டும்? கடை எதுவும் திறந்திருக்காது, வீட்டில் இருப்பதை வைத்துச் சொல்லுங்கள்.