20 பிராக்டிகல்: முதல் இரண்டும் ஒரே ஓட்டை, அடுத்த மூன்றும் சிதறுகிறது. அவசரம்!

மலைச்சரிவு (சனி, இரவு 11.20)

வணக்கம். அடுத்த சனிக்கிழமை வயோமிங் பக்கம் பிரெய்ரி நாய் (வளை தோண்டும் அணில் இனம்) சுடப் போகிறோம், அதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும். கஸ்டம் ரைஃபிள், 20 பிராக்டிகல் தோட்டா. பித்தளை ஓடுகளை டை என்ற அச்சில் அழுத்தி அளவாக்கி, வெடிமருந்தும் குண்டும் வைத்து நானே நிரப்புகிறேன். போன வருடம் வரை அரை அங்குலத்துக்குள் அடித்துக்கொண்டிருந்தது. இன்று மூன்று குரூப் (ஒரே குறியில் ஐந்து ஐந்து குண்டு) சுட்டேன், மூன்றிலும் ஒரே கதை: முதல் இரண்டு குண்டும் ஒரே ஓட்டையில், அடுத்த மூன்றும் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேலும் கீழுமாகச் சிதறுகிறது. மருந்து மாற்றவில்லை, குண்டு மாற்றவில்லை, டை மாற்றவில்லை. பீப்பாய் போய்விட்டதா? ஸ்கோப்பா? யாராவது சொல்லுங்கள்.

பெஞ்ச் மாமா (சனி, இரவு 11.41)

எத்தனை கஜம்? எந்த மருந்து? எந்தக் குண்டு, எத்தனை கிரெயின் எடை? ட்விஸ்ட், அதாவது பீப்பாய்க்குள் புரி சுழலும் வேகம், என்ன? பீப்பாயில் இதுவரை எத்தனை குண்டு போயிருக்கிறது? கடைசியாக எப்போது துடைத்தீர்கள்? இதெல்லாம் இல்லாமல் கேள்வி கேட்பது டாக்டருக்குப் போன் செய்து "எனக்கு உடம்பு சரியில்லை, மாத்திரை சொல்லுங்கள்" என்று கேட்பது போலத்தான்.

எப்படியும் குண்டை எவ்வளவு ஆழத்தில் உட்கார வைக்கிறீர்கள் என்பதில்தான் பிரச்சினை இருக்கும், பத்தில் ஒன்பது அதுதான். புரியிலிருந்து எத்தனை தள்ளி வைத்திருக்கிறீர்கள் என்று அளந்துவிட்டு வாருங்கள். அளக்கத் தெரியாது என்றால் முதலில் கடையில் வாங்கிய 223 ரைஃபிள் ஒன்றில் இரண்டு வருடம் பழகிவிட்டு கஸ்டம் பக்கம் வரலாம்.

முறுக்கு மன்னன் (சனி, இரவு 11.58)

ட்விஸ்ட் என்று ஏன் சொல்ல வேண்டும், முறுக்கு என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறதே. "உங்கள் முறுக்கு என்ன?"

பெஞ்ச் மாமா (ஞாயிறு, 12.03)

தேன்குழல். போதுமா?

மலைச்சரிவு (ஞாயிறு, காலை 7.15)

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 100 கஜம். குண்டு 40 கிரெயின், ட்விஸ்ட் 11 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மருந்து கையேட்டின் உச்சத்துக்குக் கொஞ்சம் கீழேதான், மூன்று வருடமாக அதே அளவு. புரியிலிருந்து 20 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று ஒரு தௌ) தள்ளி. பீப்பாயில் சுமார் 900 போயிருக்கும். போன மாதம் நன்றாகத் துடைத்தேன்.

சிக்மா (ஞாயிறு, காலை 8.02)

எனக்கு இதில் பிரச்சினையே தெரியவில்லை. எந்த ஐந்து குண்டுக் குரூப்பையும் எடுத்து முதல் இரண்டை மட்டும் பாருங்கள், நெருக்கமாகத்தான் இருக்கும். ஒரே ரைஃபிள், ஒரே தோட்டா, எதுவும் கெடவில்லை என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு குண்டுக்கு இடையே உள்ள சராசரித் தூரம் 1.77 சிக்மா (சிக்மா என்பது ஒரு திசையில் சிதறலின் நியமவிலகல்), மூன்று குண்டுக் குரூப்புக்கு 2.41, ஐந்துக்கு 3.07, பத்துக்கு 3.81. அதாவது மூன்று சுட்டு "அரை அங்குல ரைஃபிள்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர் ஐந்து சுட்டாலே குரூப் கால் பங்குக்கு மேல் பெரிதாகிவிடும். போன வருடம் எத்தனை குண்டுக் குரூப் சுட்டீர்கள்? மூன்றுதானே?

பெஞ்ச் மாமா (ஞாயிறு, காலை 8.30)

வந்துவிட்டார் கணக்கு வாத்தியார். ரைஃபிளை மேசையில் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் ஐந்து குண்டு ஒரு குரூப், ஐந்து குரூப்பின் சராசரி. அந்த முறையில்தான் 222 ரெமிங்டன் தோட்டா 1950-ல் வந்து ஆண்டது, 1975-ல் 6 பிபிசி வந்து அதை ஓரங்கட்டியது. யாரும் சிக்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சிக்மா (ஞாயிறு, காலை 8.44)

ஐந்து குரூப்பின் சராசரி என்றால் 25 குண்டு, மாமா. நான் சொல்வதும் அதையேதான். இவர் மூன்று குண்டுக் குரூப் ஒன்றைச் சுட்டுப் படம் எடுத்து பர்ஸில் வைத்திருப்பார்.

பூச்சிக்காடு (ஞாயிறு, காலை 9.10)

காட்டில் பிரெய்ரி நாய் ஐந்து குண்டு வாங்கும் வரை எழுந்து நிற்காது. எனக்கு முதல் குண்டு எங்கே போகிறது என்பதுதான் முக்கியம். 300 கஜத்தில் ஒரு எம்ஓஏ (கோணத்தில் ஒரு நிமிடம்) என்பதே 3 அங்குலத்துக்குச் சற்று மேல், அந்தப் பிராணியின் அகலம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இதில் மூன்றா ஐந்தா பத்தா என்று சண்டை.

மலைச்சரிவு, என் அனுபவத்தில் இது ஸ்கோப். வேறு ஸ்கோப் மாட்டிச் சுடுங்கள். எனக்கு ஒரு முறை அடித்தட்டின் ஸ்க்ரூ தளர்ந்து இரண்டு மாதம் மருந்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன், பத்து நிமிட வேலை.

சிக்மா (ஞாயிறு, காலை 9.25)

முதல் குண்டு எங்கே போகும் என்பதைத் தெரிந்துகொள்ளவும் நிறைய முதல் குண்டுகளைச் சுட்டுத்தான் ஆக வேண்டும்.

என்133 ரசிகன் (ஞாயிறு, காலை 9.50)

பழைய மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு என்133 மருந்து வாங்குங்கள்.

லேத்துப்பட்டறை (ஞாயிறு, காலை 10.34)

இத்தனை பேரும் மருந்து, குண்டு, ஸ்கோப் என்று கேட்டுவிட்டீர்கள். ஓடு எது என்று யாரும் கேட்கவில்லையே. தம்பி, "மருந்து மாற்றவில்லை, குண்டு மாற்றவில்லை, டை மாற்றவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வெற்று ஓட்டை மாற்றினீர்களா?

கோவை பெல்லட் (ஞாயிறு, காலை 11.05)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் 10 மீட்டர் ஏர் ரைஃபிள். எங்களுக்கு மருந்தும் இல்லை, அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லை. ரைஃபிளை வைஸில் பிடித்து, 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று தலை அளவு வாரியாகப் பெல்லட் டப்பாக்களை ஒவ்வொன்றாகச் சுட்டுப் பார்த்து, ஒத்துவரும் டப்பாவை மொத்தமாக வாங்கி வைப்போம். பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர்தான் என்பதால் வேறு வழியில்லை. ஒரு சந்தேகம்: 22 ரிம்ஃபயர் ஓட்டை இப்படி நாமே மறுபடி நிரப்ப முடியாதா? 50 மீட்டர்காரர்களும் லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) பார்த்துத்தானே வாங்குகிறார்கள்.

பெஞ்ச் மாமா (ஞாயிறு, காலை 11.20)

முடியாது. ரிம்ஃபயரில் பிரைமர் தனியாக இல்லை, பற்றவைக்கும் கலவை விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி அடித்து நசுங்கிய விளிம்பை யார் நிமிர்த்துவது? நீங்கள் டப்பா பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம், இங்கே பலருக்கு அந்தப் பொறுமைகூட இல்லை.

ஓடு பொறுக்கி (ஞாயிறு, பகல் 12.15)

நானும் 20 பிராக்டிகல் வாங்கலாம் என்றிருக்கிறேன். கையேட்டில் அந்தப் பெயரே கண்ணில் படவில்லை. 204 ருகருக்கு உள்ள அளவைப் பார்த்து மருந்து போட்டுக்கொள்ளலாமா? இரண்டுக்கும் ஒரே குண்டுதானே.

லேத்துப்பட்டறை (ஞாயிறு, பகல் 12.21)

கூடவே கூடாது! குண்டு ஒன்று, ஓடு வேறு. 204 ருகர் 222 ரெமிங்டன் மேக்னத்தின் ஓட்டிலிருந்து வந்தது, உள்ளே இடம் அதிகம். 20 பிராக்டிகல் என்பது 223 ஓட்டின் கழுத்தைக் குறுக்கியது. பெரிய பாத்திரத்தின் அளவைச் சின்னப் பாத்திரத்தில் கொட்டினால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்.

மலைச்சரிவு (ஞாயிறு, மாலை 6.40)

லேத்துப்பட்டறை அண்ணா, ஆமாம், ஓடு புதிது. ரைஃபிளை வாங்கியபோது முந்தைய சொந்தக்காரர் 50 ஓடு சேர்த்துக் கொடுத்தார், அதில் பெரும்பாலானவை கழுத்து விரிசல் விட்டுப் போய்விட்டன, ஆறுதான் மிச்சம். அதனால் ரேஞ்சில் பொறுக்கிய 223 ஓடுகளைக் குறுக்கிப் புதிதாக 80 செய்தேன். எல்லாக் கம்பெனியும் கலந்திருக்கிறது. மூன்று குரூப்புக்கும் சமமாக இருக்கட்டும் என்று பழைய ஓடு இரண்டிரண்டாகப் பிரித்து, முதலில் அதைச் சுட்டேன். இதில் என்ன வரப்போகிறது, பித்தளை பித்தளைதானே?

சிக்மா (ஞாயிறு, மாலை 6.52)

முதல் இரண்டும் பழைய ஓடு என்பதை இப்போது சொல்கிறீர்களா. காலையில் நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கொஞ்சம் மட்டும்.

எட்மன்ரன் வாசி (ஞாயிறு, மாலை 7.05)

தம்பி, இன்னும் ஒன்றும் சுட வேண்டாம், முதலில் இதைச் செய்து பாருங்கோ. இன்று சுட்ட புது ஓடு ஒன்றை எடுங்கோ, அளவு டையில் போடாமல் அப்படியே. அதின்ர வாயில் ஒரு குண்டைக் கையால் வையுங்கோ. தானாக உள்ளே விழுகிறதா, இல்லையா? பிறகு இன்னொரு கேள்வி: சுட்ட பிறகு போல்ட் (பீப்பாயின் பின்பக்கத்தை அடைக்கும் தாழ்) வழக்கம் போலத் திறந்ததா?

இங்கே நாங்கள் கோஃபர் (தரை அணில்) சுடுகிறவர்கள் எல்லாம் இந்தக் கூத்தை ஒருமுறையாவது ஆடியிருப்போம்.

மலைச்சரிவு (ஞாயிறு, இரவு 8.30)

விழவில்லை. பழைய ஓட்டில் சளக்கென்று விழுகிறது, புதியதில் வாயிலேயே நிற்கிறது. போல்ட்... ஆமாம், மூடும்போதே சிலவற்றில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, திறக்கும்போது கையால் தட்ட வேண்டியிருந்தது. மழைக்குத் துரு ஏறியிருக்கும் என்று நினைத்து எண்ணெய் போட்டேன். பிரைமர் கொஞ்சம் தட்டையாகத்தான் இருக்கிறது.

எட்மன்ரன் வாசி (ஞாயிறு, இரவு 8.34)

மிச்சமுள்ள தோட்டாக்கள் எதையும் சுட வேண்டாம். ஒன்றுகூட.

லேத்துப்பட்டறை (ஞாயிறு, இரவு 9.12)

சரி, இப்போது விளங்குகிறது. கஸ்டம் சேம்பர் (பீப்பாயில் தோட்டா உட்காரும் இடம்) என்றால் பல சமயம் கழுத்துப் பகுதியை இறுக்கமாகக் கடைந்திருப்பார்கள், அதற்கேற்ப ஓட்டின் கழுத்தை வெளியே சீவி மெல்லியதாக்கித்தான் போட வேண்டும். பழைய சொந்தக்காரர் சீவிக் கொடுத்திருக்கிறார், நீங்கள் சீவாமல் போட்டிருக்கிறீர்கள். மருந்து எரியும்போது கழுத்து விரிந்து குண்டை விட வேண்டும். விரிய இடமே இல்லாவிட்டால் பித்தளை குண்டைப் பிடித்துக்கொண்டே நிற்கும், அழுத்தம் ஏறும், அதே மருந்து அளவு திடீரென்று அதிகப்படியான அளவாகிவிடும். ஒவ்வொரு கம்பெனி ஓட்டுக்கும் தடிமன் வேறு, அதனால் பிடியும் வேறு, வேகமும் வேறு. மேலும் கீழுமாகச் சிதறுகிறது என்றீர்களே, அதுதான்.

பீப்பாயின் அடிப்பக்கத்தில், ஸ்டாக்குக்குள் (ரைஃபிளின் பிடிக்கட்டைக்குள்) மறைந்திருக்கும் இடத்தில் பல சமயம் சேம்பரின் கழுத்து அளவைப் பொறித்திருப்பார்கள். ஸ்டாக்கைக் கழற்றிப் பாருங்கள். மைக்ரோமீட்டரில் நிரப்பிய தோட்டாவின் கழுத்தையும் அளங்கள், பழையது புதியது இரண்டையும். டையில் எந்த புஷிங் (கழுத்தைக் குறுக்கும் வளையம்) என்றும் சொல்லுங்கள்.

மலைச்சரிவு (திங்கள், காலை 6.50)

பீப்பாயில் .231 என்று இருக்கிறது. பழைய தோட்டாவின் கழுத்து .228. புதியது .230-லிருந்து .2315 வரை. புஷிங் .226.

இதை மனைவியிடம் விளக்கும்போது "கழுத்தைச் சீவாததால்தான் பிரச்சினை" என்றேன், ஒரு மாதிரிப் பார்த்தாள்.

லேத்துப்பட்டறை (திங்கள், காலை 7.30)

ஹா. சரி, கணக்கைப் பாருங்கள். சேம்பர் 231. விட்டத்தில் மொத்தம் 3 தௌ இடம் விட்டால் தோட்டாவின் கழுத்து 228. அதில் குண்டு 204 போக மிச்சம் 24, இரண்டு சுவருக்கும் பிரித்தால் ஒரு சுவர் 12 தௌ. பழைய சொந்தக்காரர் சீவிய அளவு அதுவேதான்.

உங்கள் புது ஓட்டில் சுவர் 13-லிருந்து 13.75 தௌ வரை. 204-உடன் இரண்டு 13.5-ஐக் கூட்டினால் 231, சேம்பருக்கும் அதற்கும் நடுவே காற்று போக வழியில்லை. இன்னொன்று, புஷிங் 226 என்பது மெல்லிய கழுத்துக்கு வாங்கியது. 226-ல் இரண்டு 12 போனால் உள்விட்டம் 202, குண்டை 2 தௌ பிடிக்கும். தடித்த ஓட்டில் 226-ல் 27 போனால் 199, பிடி 5 தௌ. "டை மாற்றவில்லை" என்று பெருமையாக எழுதினீர்களே, அதுவும் சேர்ந்து இறுக்கியிருக்கிறது.

சுடாத தோட்டாக்களைச் சுத்தியல் புல்லரில் (குண்டைத் தட்டிக் கழற்றும் கருவி) போட்டுப் பிரியுங்கள், பிறகு ஓடுகளைக் கம்பெனி வாரியாகப் பிரித்துச் சீவுங்கள். தோளை ஒட்டி உட்பக்கமாகச் சில சமயம் ஒரு வளையம் தடித்து நிற்கும், அதையும் பாருங்கள். மருந்தை மட்டும் அடியிலிருந்து மறுபடி ஏற்றி வாருங்கள், பழைய அளவில் நேராகப் போகாதீர்கள்.

பெஞ்ச் மாமா (திங்கள், காலை 8.15)

நான் முதல் பதிலிலேயே சொன்னேன், கஸ்டம் ரைஃபிள் ஆரம்பக்காரருக்கு இல்லை என்று. சேம்பர் அளவு தெரியாமல் யாராவது ஓடு செய்வார்களா? முதலில் சேம்பரை வார்ப்பு எடுத்து அளந்துவிட்டுத்தான் நான் எந்த ரைஃபிளுக்கும் மருந்தே வாங்குவேன்.

எட்மன்ரன் வாசி (திங்கள், காலை 8.40)

நீங்கள் முதல் பதிலில் சொன்னது குண்டின் ஆழம், ஐயா. பக்கத்தை மேலே தள்ளிப் பார்க்கலாம்.

பெஞ்ச் மாமா (திங்கள், காலை 8.47)

ஆழமும் பார்க்கத்தான் வேண்டும்.

என்133 ரசிகன் (திங்கள், காலை 9.30)

சீவிய பிறகு என்133 போட்டுப் பாருங்கள்.

மலைச்சரிவு (வியாழன், இரவு 10.05)

71 தோட்டாவையும் பிரித்துவிட்டேன். சீவும் கருவி நேற்று வந்தது, 20 ஓடு சீவி 12 தௌவில் நிற்கிறது, குண்டு சளக்கென்று விழுகிறது. மருந்தை அடியிலிருந்து ஏற்ற நேரமில்லை, அதனால் சனிக்கிழமைக்கு நண்பருடைய 223. எல்லோருக்கும் நன்றி. ஓடிக்கொண்டிருக்கிறேன், வந்து எழுதுகிறேன்.

சிக்மா (வியாழன், இரவு 10.18)

அதே ஓட்டில் ஐந்து குண்டு, ஐந்து குரூப். மூன்றில் நிறுத்திவிட்டு வந்து "சரியாகிவிட்டது" என்று எழுதாதீர்கள்.

பூச்சிக்காடு (ஞாயிறு, இரவு 9.00)

வயோமிங் எப்படி இருந்தது? ஸ்கோப்பின் ஸ்க்ரூவைப் பார்த்தீர்களா?

எட்மன்ரன் வாசி (மூன்று வாரம் கழித்து)

தம்பி, சீவின ஓட்டில் சுட்டுப் பார்த்தீர்களா? போல்ட் எப்படித் திறக்குது என்றாவது ஒரு வரி எழுதுங்கோ.