20 ஆம் கிழமையில் நோவின்றிக் கலைந்த கர்ப்பம்: அடுத்ததற்குத் தையல் எப்போது?

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உப்புவெளியில் வசிக்கிறேன். மூதூரில் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டு என் முதற் கர்ப்பம் 20 ஆம் கிழமையில் கலைந்துவிட்டது. அதுவரை கிளினிக்கில் இரத்த அழுத்தமும் சீனியும் சரியாகவே இருந்தன. அடிவயிற்றில் ஒரு பாரமும், நீர்போன்ற வெள்ளைபடுதலும் தவிர நோவென்று சொல்லத்தக்க எதுவும் இருக்கவில்லை. வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கர்ப்பப்பை வாய் திறந்து பன்னீர்க்குடம் வெளியே தெரிகிறது என்றார்கள். பிள்ளையின் இருதயம் அப்போதும் துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த வளர்ச்சியில் பிறந்தால் காப்பாற்ற இயலாது என்றார்கள். வீடு திரும்பும்போது தந்த டயக்னோசிஸ் கார்டில், கர்ப்பப்பை வாயின் பலவீனம் காரணமாக இருக்கலாம் என்றும், அடுத்த முறை கர்ப்பம் தரித்தவுடனே வர வேண்டும் என்றும் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது எனக்கு 9 ஆம் கிழமை. குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்துவிட்டேன். மகப்பேற்று நிபுணரை அடுத்த கிழமை சந்திக்க இருக்கிறேன். அதற்குமுன் விடயத்தை விளங்கிக்கொண்டு போக விரும்புகிறேன். தெரிந்தவர்களில் ஒருவர் 12 ஆம் கிழமையிலேயே கர்ப்பப்பை வாயை மூடிவைக்கும் தையல் போட வேண்டும் என்கிறார்; இன்னொருவர், ஸ்கானில் பார்த்துக்கொண்டிருந்து தேவைப்பட்டால் மட்டும் போடலாம் என்கிறார். மாமியோ, சென்ற முறை கிணற்றில் தண்ணீர் அள்ளியதாலும் மோட்டார் சைக்கிளில் மூதூருக்குப் போய்வந்ததாலும்தான் பிள்ளை தங்கவில்லை, இம்முறை பிறக்கும்வரை கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்கிறார். என்மீதுள்ள அன்பினால்தான் சொல்கிறார் என்பது தெரியும். ஆனாலும் அந்தச் சொல் என்னை இரவில் தூங்க விடுவதில்லை. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா உம்மா எழுதியது:

தங்கச்சி, அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு இரண்டு கர்ப்பங்கள் ஐந்தாம் மாதத்தில், உங்களுக்கு நடந்தது போலவே நோவில்லாமல் கலைந்தன. மூன்றாவதற்கு 13 ஆம் கிழமையில் தையல் போட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், மகன் இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறார்.

தையல் என்றதும் வயிற்றைக் கீறுவார்கள் என்று நான் பயந்திருந்தேன். அப்படியல்ல. முதலில் ஸ்கான் செய்து பிள்ளையின் இருதயத் துடிப்பையும் வளர்ச்சியையும் பார்த்தார்கள். கிருமித் தொற்று இருக்கிறதா என்று சிறுநீரையும் சோதித்தார்கள். பிறகு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, பிறப்புறுப்பு வழியாகவே கர்ப்பப்பை வாயைச் சுற்றித் தடித்த நூலால் தைத்து முடிச்சிட்டார்கள். விழித்துக்கொண்டே இருந்தேன், தாதி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். சில நாட்களுக்கு இலேசாக இரத்தம் பட்டது, அடிவயிறு மாதவிடாய் நேரத்தைப்போல இழுத்தது, அவ்வளவுதான். 37 ஆம் கிழமையில் கிளினிக்கில் வைத்தே நூலை வெட்டி எடுத்தார்கள்; அதற்கு மயக்கம் எதுவும் தரவில்லை. வெட்டியவுடன் பிள்ளை பிறந்துவிடும் என்று வீட்டில் எல்லாரும் பரபரத்தார்கள். ஆனால் ஒரு கிழமைக்கும் மேல் கழித்துத்தான் நோவு வந்தது, சுகப்பிரசவம் ஆனது.

என் மனதைக் கேட்டால், காத்திருக்காமல் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் எழுதியது:

மகள், நீங்கள் இழந்தது ஒரு பிள்ளையை. அதற்காக முதலில் என் ஆழ்ந்த அனுதாபத்தைச் சொல்கிறேன். பிரசவ விடுதிகளில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன். முடிவு உங்கள் நிபுணருடையதும் உங்களுடையதும்.

மாமி சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் உங்களை அதிகம் வருத்துவது அதுதான். தண்ணீர் அள்ளியதால் கர்ப்பப்பை வாய் திறக்காது; மோட்டார் சைக்கிளில் போனதாலும் திறக்காது. பிரசவ காலம்வரை நீண்டு, இறுகி, மூடியிருக்க வேண்டிய அந்த வாய், சிலரில் நடுமாதங்களிலேயே மெலிந்து குறுகி, நோவு எதுவுமின்றித் திறந்துகொள்கிறது. முந்தைய பிரசவத்தில் அங்கே ஏற்பட்ட கிழிவு, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களுக்காக வாயின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த சிகிச்சை, வாய் முழுவதும் திறந்தபின் செய்யப்பட்ட சிசேரியன், கர்ப்பப்பையின் பிறவி அமைப்பு வேறுபாடு, உடலின் இணைப்பிழையங்களைப் பாதிக்கும் சில பரம்பரை நோய்கள் ஆகியவை காரணமாகலாம். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. முதற் கர்ப்பத்திலேயே இப்படி நடந்த பெண்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்த எந்த வேலையும் அதைக் கொண்டுவரவில்லை. உங்கள் மாமியை அடுத்த சந்திப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், இதை நிபுணரின் வாயாலேயே கேட்கச் செய்வது நல்லது என்பது என் கருத்து.

கட்டிலில் கிடப்பதும் அவ்வாறே. முன்பு எங்கள் விடுதிகளிலும் தையல் போட்ட தாய்மாரை மாதக்கணக்காகப் படுக்க வைத்திருந்தோம். அதனால் கர்ப்பம் நீடிக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. மாறாக, நெடுநாள் படுத்திருந்தால் காலின் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு, தசையும் எலும்பும் பலம் குறையும். ஆகையால் இப்போது அதை வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை. பாரம் தூக்குவதைக் குறைப்பதும், தாம்பத்திய உறவு பற்றி வைத்தியர் சொல்வதைக் கேட்பதும் வேறு விடயம்.

தையல் எப்போது என்ற கேள்விக்கு நிபுணர்களிடையே ஒரே விடை இல்லை. இந்தத் தையலை பம்பாயில் வைத்தியர் சிரோட்கர் 1955 இல் எழுதி வெளியிட்டார். அதைவிட எளிய முறையை மெல்பேர்னில் மக்டொனால்ட் 1957 இல் விவரித்தார். இன்று பெரும்பாலும் போடப்படுவது இந்த இரண்டாவது முறையே. 1993 இல் வெளிவந்த, 1292 பெண்கள் பங்கேற்ற ஒரு பன்னாட்டு ஆய்வில், தையல் போட்டவர்களில் 25 பேருக்கு ஒருவர் என்ற அளவில் மட்டுமே 33 ஆம் கிழமைக்கு முந்தைய பிரசவம் தவிர்க்கப்பட்டது. ஆனால் முன்பு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கர்ப்பங்கள் குறைமாதத்திலோ நடுமாதத்திலோ முடிந்தவர்களைத் தனியே பார்த்தால், அந்த ஆபத்து நூற்றுக்கு 32 இலிருந்து 15 ஆகக் குறைந்தது. இதை வைத்துத்தான் பிரித்தானிய வழிகாட்டல், இப்படி மூன்று கர்ப்பங்கள் முடிந்தவர்களுக்குத் தொடக்கத்திலேயே தையலை முன்வைத்து, மற்றவர்களை ஸ்கானில் கண்காணிக்கச் சொல்கிறது. அமெரிக்க வழிகாட்டலோ, நோவில்லாமல் வாய் திறந்து ஒரு கர்ப்பம் இழந்திருந்தாலும் 13 அல்லது 14 ஆம் கிழமையளவில் தையல் போடுவதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஆகவே உங்களுக்கு இருவேறு விதமாகச் சொன்ன இருவருமே பிழையாகச் சொல்லவில்லை.

கண்காணிப்பு என்றால், பொதுவாக 16 ஆம் கிழமையிலிருந்து 24 ஆம் கிழமை வரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கர்ப்பப்பை வாயின் நீளத்தை அளப்பது. வயிற்றின்மேல் வைத்துப் பார்ப்பதில் இந்த அளவு சரியாகக் கிடைக்காது; பிறப்புறுப்பின் உள்ளே மெல்லிய கருவியை வைத்தே அளக்க வேண்டும். நம் பெண்கள் பலர் கூச்சத்தினாலும், பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற அச்சத்தினாலும் இதை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கருவி கர்ப்பப்பைக்குள் போவதில்லை; பிள்ளைக்கு அதனால் தீங்கில்லை. தயவுசெய்து மறுத்துவிடாதீர்கள். முன்பு இழப்பு உள்ள ஒருவருக்கு 24 ஆம் கிழமைக்குள் நீளம் 25 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவாகவோ வந்தால் தையல் பயன் தருகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாக வந்திருக்கிறது. இரவில் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் மருந்தையும் நிபுணர் பரிசீலிக்கக்கூடும். வாய் ஏற்கெனவே திறந்து பன்னீர்க்குடம் தெரியும் நிலையில் போடும் அவசரத் தையலும் உண்டு. அது சிலருக்குக் கைகொடுக்கிறது, ஆனால் அந்தக் கட்டத்தை எட்டுமுன் பிடிப்பதே எல்லாருடைய எண்ணமும். இரட்டைப் பிள்ளைகள் என்றால் கணக்கு வேறு. இரட்டை என்ற காரணத்துக்காக மட்டும் தையல் போடுவதில்லை.

தையலுக்கும் பக்கவிளைவுகள் உண்டு. தொற்று, இரத்தப்போக்கு, அரிதாகத் தைக்கும்போதே பன்னீர்க்குடம் உடைதல் ஆகியவற்றைப் பற்றி ஒப்பம் இடுமுன் கேளுங்கள். தையலோடு இருக்கும்போது நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, காய்ச்சலோ துர்நாற்றமுள்ள வெள்ளைபடுதலோ இருந்தாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நூல் இருக்கும்போதே பிரசவ நோவு முற்றினால் கர்ப்பப்பை வாய் கிழியக்கூடும் என்பதால், அங்கே போனவுடன் “எனக்குத் தையல் இருக்கிறது” என்பதே நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்கட்டும்.

நிலாவெளி வாசகி எழுதியது:

எனக்கும் உங்களைப்போல ஒரே இழப்புத்தான். என் நிபுணர் ஸ்கானில் பார்ப்போம் என்றார். ஒவ்வொரு முறையும் அளவு சொல்லும்வரை மூச்சு நின்றதுபோல இருக்கும் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் நீளம் கடைசிவரை 30 மில்லிமீற்றருக்குக் கீழே இறங்கவில்லை; தையலில்லாமலே மகள் நிறைமாதத்தில் பிறந்தாள். கிண்ணியா அக்காவின் மகிழ்ச்சியை நானும் பகிர்கிறேன். எனினும் எல்லாருக்கும் போட்டே ஆக வேண்டும் என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஒழுங்காக ஸ்கானுக்குப் போக முடியுமா என்பதை மட்டும் நேர்மையாக யோசியுங்கள். இடையில் தவறவிடக் கூடிய நிலை என்றால் அதை நிபுணரிடம் சொல்லிவிடுங்கள். அதுவும் முடிவைப் பாதிக்க வேண்டிய ஒரு காரணம்.

தம்பலகாமத்துத் தந்தை எழுதியது:

ஆண் ஒருவன் இதில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மனைவிக்குக் கீழ்வழியாகப் போட்ட தையல் இருந்தும் 22 ஆம் கிழமையில் இழந்தோம். அதன்பின் வெளியூரில் ஒரு நிபுணர், வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை வாயின் மேல்பகுதியில் போடும் தையலைப் பற்றி விளக்கினார். முன்பு தையல் தவறியவர்களிடையே செய்யப்பட்டு 2020 இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், 32 ஆம் கிழமைக்கு முன் பிரசவமானவர்கள் வயிற்றுவழித் தையலில் நூற்றுக்கு 8 பேர், கீழ்வழித் தையலில் 33 பேர். இந்தத் தையலுடன் பிரசவம் சிசேரியன்தான். நூலை எடுக்காமல் அடுத்த பிள்ளைக்கும் விட்டுவைக்கலாம். கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே எங்களுக்கு அதைச் செய்தார்கள், மகன் இருக்கிறான். சகோதரிக்கு இது இப்போது தேவைப்படாது. முதல் தையல் தவறியவர்கள் யாராவது இதை வாசித்தால், வழி அடைபட்டுவிடவில்லை என்று அறிந்துகொள்ளட்டும்.

உப்புவெளி ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தாதி அம்மா எழுதியதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, ஆனால் நிபுணரிடம் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் ஒரு கேள்வி: மூதூருக்கு வேலைக்குப் போய்வரலாமா?

ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர் எழுதியது:

கர்ப்பப்பை வாய் நீளமாக இருக்கும்வரை பேருந்துப் பயணம் அதைத் திறந்துவிடாது, மகள். என் கவலை வேறு: ஏதாவது நேர்ந்தால் எவ்வளவு விரைவில் வைத்தியசாலையை அடைவீர்கள் என்பது. கிண்ணியாப் பாலம் வந்தபின் படகுத்துறையில் காத்துக்கிடக்கும் நிலை இல்லை என்றாலும், மூதூரில் இருக்கும்போது நீர் உடைந்தால் உப்புவெளிக்குத் திரும்பப் புறப்படாதீர்கள்; அங்கேயே மூதூர் தள வைத்தியசாலைக்குப் போங்கள், வாகனம் இல்லையென்றால் 1990 ஐ அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். கர்ப்பப் பதிவேட்டையும் பழைய டயக்னோசிஸ் கார்டின் பிரதியையும் கைப்பையில் வைத்திருங்கள். 16 முதல் 24 ஆம் கிழமை வரை திருகோணமலைக்கு அருகிலுள்ள பாடசாலை ஒன்றில் தற்காலிகமாக இணைக்க முடியுமா என்று, நிபுணரின் கடிதத்தோடு வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுப்பாருங்கள்.