குழந்தைக்கான ஜீவனாம்சம்: வீட்டுக் கடன் இ.எம்.ஐ.யைக் கழிக்க வேண்டாமா?

போரூர்வாசி:
கையில் வரும் சம்பளம் 82,000. கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கிய ஃபிளாட்டுக்கு மாதம் 36,000 இ.எம்.ஐ. போகிறது. இப்போது மகனுக்கும் அவன் அம்மாவுக்கும் சேர்த்து 25,000 இடைக்கால ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லி உத்தரவு. தொகையைக் கணக்கிடும்போது சம்பளத்திலிருந்து இ.எம்.ஐ.யைக் கழிக்கவே மாட்டோம் என்கிறார்கள். மீதி 21,000-ல் நான் எப்படிக் குடும்பம் நடத்துவது?

மலர்விழி:
வருமான வரி, பிஎஃப் மாதிரி கட்டாயப் பிடித்தங்களைத்தான் கழிக்கலாம், கடன் தவணையைக் கழிக்க முடியாது என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. நியாயம்தான். தவணை கட்டக் கட்ட சொத்து உங்கள் பேரில் சேர்கிறது. கழிக்க விட்டால், வழக்கு வந்ததும் கார் லோன், பர்சனல் லோன் என்று போட்டு எவரும் சம்பளத்தைக் குறைத்துக் காட்டலாம்.

போரூர்வாசி:
என் கடன் 2019-ல் எடுத்தது. வழக்கு போன வருஷம்தான் வந்தது. அதோடு மனைவியும் மகனும் என் மாமியார் வீட்டில் இருக்கிறார்கள், வாடகையே கிடையாது.

மலர்விழி:
பாட்டி இடம் கொடுத்தால் அப்பாவின் கடமை போய்விடுமா? 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தில் சோறு, துணி, படிப்பு, மருத்துவத்தோடு இருப்பிடமும் பராமரிப்புக்குள் வருகிறது. என் மகள் பத்தாம் வகுப்பு முழுக்க என் அம்மா வீட்டு ஹாலில், டிவி ஓடிக்கொண்டிருக்க, தையல் மெஷின் மேல் புத்தகத்தை வைத்துப் படித்தாள். தனி வீடு பார்க்க அட்வான்ஸுக்கே வழியில்லை. வாடகை இல்லை என்று நீங்கள் எழுதுவது இப்படித்தான் இருக்கும்.

ஜூனியர் வக்கீல்:
ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, இரண்டு பேரும் சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் அஃபிடவிட்டில் காட்ட வேண்டும். கடன் விவரத்தை அதில் போடுங்கள். அப்படியே கழிக்க மாட்டார்கள், ஆனால் மொத்த நிலைமையைப் பார்ப்பார்கள். மனைவிக்குச் சம்பளம் இருந்தால் அதுவும் கணக்கில் வரும். மகன் அந்த ஃபிளாட்டிலேயே இருந்தால் விஷயம் வேறு. அப்போது நீங்கள் கட்டுவது அவன் இருப்பிடத்துக்கான செலவு என்று வாதாடலாம். இன்னொன்று, சம்பளத்தில் 25 சதவீதம் என்று எல்லோரும் சொல்வது 2017-ல் ஒரு வழக்கில் வந்த அளவு. அது எல்லா வழக்குக்கும் பொருந்தும் சூத்திரமல்ல.

லண்டன் சிவா:
பிரிட்டனில் குழந்தை ஜீவனாம்சத்துக்கு 1993-ல் வந்த கணக்கில், வாடகை, வீட்டுக் கடன் போன்ற குடியிருப்புச் செலவைக் கழித்தார்கள். கணக்கு சிக்கலாகி 2003-ல் சதவீதத்துக்கு மாறினார்கள். இப்போது ஒரு குழந்தைக்கு மொத்த வருமானத்தில் 12 சதவீதம், இரண்டுக்கு 16. லண்டன் வாடகை கொடுப்பவருக்கும் சின்ன ஊரில் இருப்பவருக்கும் ஒரே விகிதம். உங்கள் நீதிபதிக்காவது உங்கள் செலவைக் கேட்க இடமிருக்கிறது.

போரூர்வாசி:
ஃபிளாட்டில் இருப்பது நான்தான். விற்றால் நாளைக்கு மகனுக்கு என்ன மிஞ்சும்?

மலர்விழி:
கடன் முடியும்போது அவனுக்கு என்ன வயசு ஆகியிருக்கும்? அவனுக்கு வீடு வேண்டியது இப்போது. விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். இ.எம்.ஐ.யில் பாதியாவது வரும். நீங்கள் சின்ன வீடாகப் பார்த்துப் போகலாமே?

போரூர்வாசி:
எழுபது வயசு அம்மா என்னோடு இருக்கிறார், படி ஏற முடியாது. அவரை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? சரி, அதையும் அஃபிடவிட்டில் எழுதுகிறேன்.