கண்ணில் விழுந்த பூவுக்கு லேசர்: அந்த வாடை உங்களுக்கும் வந்ததா?

ஒற்றைக்கண்: பி.டி.கே, அதாவது கருவிழியின் மேல்பக்கத் தழும்பை லேசரால் செதுக்கும் சிகிச்சை, முடிந்து ஒரு மாதம். சின்ன வயதில் வந்த புண் ஆறி, கண்ணில் பூ விழுந்திருந்தது. வலிக்காது என்றார்கள், சரி, படுத்திருந்தபோது வலிக்கவில்லை. ஆனால் மினுக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்கும்போது டக் டக்கென்று சத்தம், கூடவே முடி கருகும் வாடை. என் கண்தான் கருகுகிறது என்று கை விரல்கள் மடங்கிக்கொண்டன. எக்ஸைமர் லேசர் சுடாது, திசுவின் பிணைப்பை அறுத்து ஆவியாக்கும் என்று அப்புறம் விளக்கினார்கள். இருக்கட்டும், இன்னமும் அடுப்படியில் ஏதாவது தீய்ந்தால் அந்த அறை ஞாபகம்தான்.

மழைக்கண்ணாடி: வாடையெல்லாம் ஒரு விஷயமா? அன்று ராத்திரி கேளுங்கள்! மேல்தோலைச் சுரண்டி எடுத்த கண். கட்டுக்குப் பதில் போட்ட லென்ஸுக்குள் மணல் அள்ளிப் போட்ட மாதிரி. நான்காம் நாள்தான் லென்ஸை எடுத்தார்கள். எதிர்வீட்டுக் கம்பிக் கதவு கம்பி கம்பியாகத் தெரிந்தது. கையிலிருந்த மருந்துச்சீட்டோ மங்கல்! கருவிழி தட்டையானதால் பவர் பிளஸ் பக்கம் நகர்ந்துவிட்டதாம். இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?

சும்மாசொல்றேன்: கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். எனக்குத் தழும்பு ஆழம், லேசர் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். என் கதை அவ்வளவுதான். போகிறவர்கள் முதலில் ஓ.சி.டி (கருவிழியை அடுக்கடுக்காகக் காட்டும் ஸ்கேன்) எடுத்து ஆழத்தைக் கேளுங்கள். கருவிழியே சுமார் அரை மில்லிமீட்டர்தான். மேலாக, 100 மைக்ரானுக்குள் (0.1 மில்லிமீட்டர்) இருக்கிற பூவுக்குத்தான் இது சரிவரும். அதற்குக் கீழே போனால் மாற்றுக் கருவிழிதான் பேச்சு. ஹெர்பிஸ் வைரஸ் வந்த கண் என்றால் மறைக்காதீர்கள், லேசர் அதைத் திரும்பக் கிளப்பலாம். ஸ்டீராய்டு சொட்டு போடும்வரை கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் கறுப்புக் கண்ணாடி. இது கண்புரை லேசர் இல்லை என்று வீட்டிலும் சொல்லிவையுங்கள்.

ஒற்றைக்கண்: நான் கேட்டது வாடையைப் பற்றி.

லாட்டிஸ்: எனக்கு வந்தது. இரண்டு முறை. பரம்பரை டிஸ்ட்ரோபி, அதாவது கருவிழியில் தானாகப் படிவு படியும் நோய்; செதுக்கினாலும் சில வருஷத்தில் திரும்ப முளைக்கும். இரண்டாம் முறை வாடை வந்ததும் பழைய ஆளைப் பார்த்த மாதிரி சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் லேசரை நிறுத்திவிட்டு, "கண்ணை அசைக்காதீங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார்.